அம்மா பெயரில் ஒரு லைன்

லூபோக் சீனாவில் எங்கள் வீட்டு இணைய இணைப்பு அம்மாவின் பெயரில் இருக்கிறது. அம்மாவுக்கு வாட்சாப்பில் குரல்பதிவு அனுப்பத் தெரியும், யூடியூபில் பழைய பாட்டு தேடத் தெரியும். அதற்கு மேல் வேண்டாம் என்று விட்டுவிட்டார். லைன் போட வந்த பையன் ஐசி கேட்ட அன்றைக்கு வீட்டில் இருந்தவர் அவர்தான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று முதல் இந்த வீட்டில் யார் எதைத் தேடினாலும், கதை எழுதுகிறேன் பேர்வழி என்று நான் நள்ளிரவில் எதையெல்லாமோ தோண்டினாலும், எல்லாம் அம்மாவின் கணக்கில்தான் ஏறுகிறது.

இந்தக் கட்டுரை ஒரு பிரதியைப் பற்றிய விமர்சனம். நாவல் அல்ல, கவிதைத் தொகுப்பும் அல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நம் ஒவ்வொருவரைப் பற்றியும் தினமும் எழுதிக்கொண்டே இருக்கும் பதிவேடுதான் அந்தப் பிரதி. அதைப் பற்றி அதன் கதாபாத்திரங்களாகிய நாம் இதுவரை பேசியதில்லை, ஏனென்றால் படித்ததில்லை. நமக்குப் படிக்கக் கிடைப்பது அதன் முன்னுரையும் பின்னிணைப்பும் மட்டும்தான். முன்னுரை, நிறுவனம் தரும் தனியுரிமை அறிவிப்பு. பின்னிணைப்பு, நாட்டின் சட்டம். இரண்டையும் ஓர் இலக்கிய வாசகனாக உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

அதற்கு முன் கிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்குப் பதிவேடு ஒன்றும் புதிதல்ல. விடியுமுன் பெரட்டில் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள், செக்ரோலில் குறி விழும். குறி விழுந்தால் கூலி. விழாவிட்டால் நாள் முழுக்க வெட்டியிருந்தாலும் அன்றைக்கு அந்த ஆள் இல்லை. அதே கிராணியின் ஆபீசுக்குத்தான் தபாலும் வரும். தாத்தா சொல்வார்: "கிராணி கடுதாசியப் பிரிக்க மாட்டாரு. பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல. எவனுக்கு எங்கேருந்து வருது, எத்தன நாளைக்கு ஒருதரம் வருது, எவனுக்கு வரவே இல்ல, அது தெரிஞ்சா போதுமே." சங்கத்து ஆபீசிலிருந்து உறை வந்தவன் யார் என்பது ஆபீசுக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை.

இணைய நிறுவனம் செய்வது பெரும்பாலும் இதுதான். இன்று பல தளங்களின் உள்ளடக்கம் பூட்டிய உறையில்தான் போய் வருகிறது. நீங்கள் படிக்கும் கட்டுரையின் வரிகளை நிறுவனம் பார்ப்பதில்லை. ஆனால் எந்தத் தளத்தின் வாசலில் நின்றீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தரவு வந்து போனது என்பது உறையின் மேல் இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த ஐபி எண் எந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது. கைப்பேசி என்றால் எந்தக் கோபுரத்தோடு பேசியது என்பதும் சேர்ந்துகொள்ளும். கோபுரம் தெரிந்தால் ஆள் மஸ்ஜித் தானாவில் இருந்தாரா லிங்கியில் இருந்தாரா என்பது தெரியும்.

'வெறும் உறைதானே' என்பவர்களுக்கு ஒரு ஜெர்மன்காரரின் கதை. மால்ட்டே ஸ்பிட்ஸ் என்ற பசுமைக் கட்சி அரசியல்வாதி, தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவைக் கொடு என்று டாய்ச்சே டெலிகாம் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார். கடைசியில் கிடைத்தது, 2009 ஆகஸ்ட் கடைசி முதல் 2010 பிப்ரவரி வரையிலான ஆறு மாதப் பதிவு. மொத்தம் 35,830 வரிகள். 2011-இல் சைட் ஆன்லைன் அதை வரைபடமாக வெளியிட்டது. எப்போது ரயிலில் போனார், எந்த ஊரில் தூங்கினார், எந்த நேரம் போன் பேசினார் என்று மனிதர் வரைபடத்தில் ஊர்ந்துகொண்டே இருப்பார். ஒரு சொல்கூட ஒட்டுக்கேட்கப்படவில்லை. ஆனாலும் அது ஒரு வாழ்க்கை வரலாறு. நம் தன்வரலாறுகளில் பாதிக்கு மேல் இவ்வளவு துல்லியம் கிடையாது. பாதிக்கு மேல் இவ்வளவு உண்மையும் கிடையாது, அது வேறு விஷயம்.

இங்கே நமக்கு அந்தப் பிரதி வேறு வழியில் கசிந்தது. 2017 அக்டோபரில் லோயாட்.நெட் தளம் ஒரு செய்தி போட்டது. மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர் பட்டியலை யாரோ விற்கப் பார்க்கிறார்கள். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 3 கோடியே 20 லட்சத்தை ஒட்டித்தான். ஒருவரிடம் இரண்டு மூன்று எண் இருப்பதால் கணக்கு அப்படி. பெயர், ஐசி எண், வீட்டு முகவரி, சிம் விவரம் எல்லாம் இருந்தன. பதிவுகளில் இருந்த தேதி 2014. மூன்று வருடம் அது எங்கெங்கே சுற்றியது என்று யாருக்குத் தெரியும். 2006-இல் முன்கட்டண எண்களுக்கும் ஐசியோடு பதிவு கட்டாயமானபோது கடைகளில் வரிசையில் நின்று ஐசியை நீட்டினோமே, அந்த வரிசையின் தொடர்ச்சிதான் இது.

இதில் எனக்கு மறக்க முடியாதது கசிவு அல்ல, அதற்குப் பின் நடந்த ஒன்று. கீத் ரொசாரியோ என்ற மலேசியர் ஒரு தளம் தொடங்கினார். ஐசி எண்ணைக் கொடுத்தால் கசிந்த பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று சொல்லும். முழு எண்ணைக்கூடக் காட்டாது. நவம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்தத் தளத்தை முடக்கியது. திருட்டுத் தரவைப் பொதுவில் வைக்கக் கூடாது என்று வாதிட இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் விற்றவன் படித்தான், வாங்கியவன் படித்தான், பட்டியலில் இருந்தவன் மட்டும் தன் பெயரைத் தேடிப் பார்க்க வழியில்லாமல் போனது. நிறுவனங்களாவது ஆளுக்கொரு கடிதம் எழுதியிருக்கலாம். அப்படி எழுதவேண்டிய கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லை. கசிந்தால் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற விதி 2024-இன் திருத்தத்தில்தான் வந்தது, 2025 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சரி, முன்னுரைக்கு வருவோம். தனியுரிமை அறிவிப்பை யாரும் படிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த நகைச்சுவை. நான் மலாய் வடிவத்தில் படித்தேன். அதில்தான் ஒன்று பிடிபட்டது. ஆங்கிலத்தில் அந்த அறிவிப்பு முழுக்க 'வீ' என்று பேசும். 'வீ' என்றால் யார்? நீயும் நானும் சேர்ந்தா, உன்னை விட்டுவிட்டா? ஆங்கிலம் சொல்லாது. மலாய் சொல்லிவிடும். அங்கே 'கித்தா' கிடையாது, எல்லா வரியிலும் 'காமி'. தமிழில் சொன்னால், நாம் இல்லை, நாங்கள். நாங்கள் சேகரிக்கிறோம். நாங்கள் பயன்படுத்துகிறோம். நாங்கள் பகிர்கிறோம். கேட்பவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும் பன்மை. தமிழும் மலாயும் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இலக்கணம் நடத்தாமலேயே இது உறைக்கும்.

இன்னொரு தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: 'தெர்மாசோக் தெதாப்பி தீடாக் தெர்ஹாட் கெப்பாடா'. இவை உட்பட, ஆனால் இவற்றோடு நின்றுவிடாமல். பெயர், முகவரி, ஐசி எண் என்று பட்டியல் கறாராகத் தொடங்கும். இந்தத் தொடர் வந்ததும் வேலி சாய்ந்துவிடும். பட்டியல் போடுவது எல்லை கட்டத்தான். இங்கே பட்டியல் எல்லை இல்லை என்று சொல்லப் பயன்படுகிறது. கவிதையில் யாராவது இப்படி எழுதினால் மங்கலாக இருக்கிறது என்று நாமே திருப்பி அனுப்பியிருப்போம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது, இந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற என் அம்மா, 'படித்துப் புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தோட்டத்தில் கைநாட்டு என்பார்கள். இது அதைவிட ஒரு படி கீழே. கைநாட்டு வைப்பவனுக்குத் தனக்குப் படிக்கத் தெரியாது என்பதாவது அங்கே பதிவாகும்.

அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, நிறுவனம் உன் தரவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஆனால் அதைக் கேட்டு வாங்கும் அரசு இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. இது வெறும் ஏட்டு விவாதமில்லை. 2025 ஜூனில், அந்த ஆண்டின் முதல் மூன்று மாதக் கைப்பேசிப் பதிவுகளை ஒப்படைக்கும்படி ஆணையம் நிறுவனங்களைக் கேட்டிருந்த செய்தி வெளியே வந்தது. சுற்றுலாப் புள்ளிவிவரம் போன்ற தேவைகளுக்குத்தான், ஆளை அடையாளம் காட்டும் விவரம் இல்லை என்று ஆணையம் விளக்கியது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் செய்தி வந்த பிறகுதான் விளக்கம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் வேறொன்று. 'இந்தத் தளத்தின் முகவரி என்ன' என்று நம் கருவி கேட்கும் கேள்வியை வெளிநாட்டுச் சேவைகளுக்கு அனுப்பவிடாமல், உள்நாட்டு நிறுவனங்களின் டிஎன்எஸ் சேவைக்கே திருப்பிவிடும் உத்தரவு. முகவரி கேட்கப்படும் இடத்தில்தான் யார் எங்கே போகிறார்கள் என்ற பட்டியலும் சேரும். கூச்சல் கிளம்பியது. தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூச்சல் போட்டால் சில சமயம் நடக்கிறது என்பதற்காகவும் இதை எழுதி வைக்கிறேன்.

இப்போது பின்னிணைப்பு. இலக்கிய வாசகர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய பகுதி இதுதான் என்பேன்: 1950 சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு. 2012-இல் சேர்க்கப்பட்டது, அந்த ஆண்டு ஜூலை 31-இல் அமலுக்கு வந்தது. மிகச் சின்னது, ஒரு பக்கம்கூட இல்லை. மூன்று அனுமானங்கள். ஒரு பதிப்பில் உன் பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்ற இடத்தில் இருந்தால், அதை வெளியிட்டது நீதான் என்று கொள்ளப்படும். ஒரு பதிப்பு எந்த இணைய இணைப்பிலிருந்து வந்ததோ அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, வெளியிட்டது அவர்தான் என்று கொள்ளப்படும். எந்தக் கணினியிலிருந்து வந்ததோ அது யார் வசம் இருந்ததோ, அவர். இல்லை என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும்.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலான் பார்த் 1967-இல் சொன்னதை நாம் சிற்றிதழ்களில் சலிக்கச் சலிக்கப் பேசிவிட்டோம். நாடாளுமன்றம் அவனைத் திரும்ப எழுப்பிவிட்டது. எழுப்பியதும் எழுதியவனை அல்ல, பில் கட்டுபவனை. எங்கள் வீட்டு லைனிலிருந்து நான் ஒன்றை எழுதி அது வழக்கானால், சட்டத்தின் முதல் வாசிப்பில் ஆசிரியர் என் அம்மா. யூடியூபில் பி. சுசீலாவைத் தேடிக்கொண்டிருக்கும் என் அம்மா, தான் எழுதவில்லை என்று நிரூபிக்க வேண்டும். எழுத்தாளர் ரங்கராஜன் மனைவியின் பெயரில், சுஜாதா என்று எழுதினார். தமிழில் நாம் அதை ரசித்துச் சொல்கிறோம். அந்த வீட்டு லைன் அந்த அம்மையாரின் பெயரிலேயே இருந்து, ஊரும் மலேசியாவாக இருந்திருந்தால், 114ஏ அவரை எத்தனை கதைகளுக்குப் பதில் சொல்ல வைத்திருக்கும்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தப் பிரிவு வேலை செய்தும் காட்டியிருக்கிறது. 2021 பிப்ரவரி 19-இல் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினி நிறுவனத்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றது. 114ஏ-வின் அனுமானம் அந்தத் தீர்ப்பின் முக்கியக் கண்ணி. அரசுத் தரப்பு கேட்ட அபராதம் 2 லட்சம் ரிங்கிட், விதிக்கப்பட்டது 5 லட்சம். வாசகர்கள் அன்றே அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஏழு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார், நளினி பத்மநாதன். அப்படி ஒரு கருத்து அங்கே இருப்பது தெரியாத ஒருவரை, தெரிந்ததும் நீக்கிவிட்ட ஒருவரை, வெளியிட்டவர் என்று சொல்ல முடியுமா என்பதே அந்த மாறுபாட்டின் சாரம். எழுதியவர், பிரசுரித்தவர், தெருவில் பலகை வைத்திருப்பவர் ஆகிய மூவரும் ஒருவரே அல்ல என்பது நாம் விமர்சனத்தில் அரிச்சுவடியாகச் சொல்வது. அது நீதிமன்றத்தில் ஒன்றுக்கு ஆறு என்று தோற்றது.

இதை ஏன் ஓர் இலக்கிய இதழில் எழுதுகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலைத் தடை செய்தபோது நாம் எல்லாரும் பேசினோம். ஆதரித்தவர், எதிர்த்தவர், படிக்காமலே திட்டியவர், எல்லாரும். தடை என்பது கண்ணுக்குத் தெரிகிறது, பெயர் இருக்கிறது, அரசாணை எண் இருக்கிறது. யார் எதைத் தேடிப் படிக்கிறார்கள் என்ற பட்டியல் அப்படியல்ல. அது யாரையும் தடுக்காது. அது இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் நம் கையைப் பிடித்துக்கொள்ளும். குண்டர் கும்பலைப் பற்றி ஒரு சிறுகதைக்காகத் தேடிக்கொண்டிருந்த என் தோழி பாதியில் நிறுத்திவிட்டார். "அப்பா பேர்ல லைன் இருக்குடா. நாளைக்கு ஒண்ணுன்னா அவர்கிட்டதான வருவாங்க?" அந்தக் கதை எழுதப்படவில்லை. எந்த அமைச்சும் அதைத் தடை செய்யவில்லை.

அவர் பயம் மிகையானது என்று நான் சொன்னேன். இப்போதும் பெரும்பாலும் மிகைதான் என்றே நினைக்கிறேன். ஒரு கல்லூரி மாணவியின் தேடலை உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரமில்லை. பதிவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் தாமானில் ஒரு பெரியவர், போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்த போனை நம்பிச் சேமிப்பைத் தொலைத்தார். அழைத்தது யார் என்று தேட அதே நிறுவனப் பதிவுதான் வேண்டும். ஆனால் அழைத்தவன் முதல் வரியிலேயே அவருடைய முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் சொன்னானாம். அதனால்தான் நம்பினார். எந்தப் பதிவேட்டிலிருந்து அவனுக்குக் கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

என் குறை நம் எழுத்தின்மேலும்தான். மலேசியத் தமிழ்ப் புனைவுக்குக் கிராணியை நன்றாகத் தெரியும். அவர் நடை, சைக்கிள், பேனாவைக் காதில் செருகும் விதம், குறி போடாமல் விட்டுப் பழிவாங்கும் கெட்டிக்காரத்தனம் எல்லாம் நம் கதைகளில் வந்துவிட்டன. தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் போனது, தாமானுக்கு வந்தோம். கிராணியும் கூடவே வந்துவிட்டார் என்பதை, நான் வாசித்த வரையில், நம் கதைகள் இன்னும் கவனிக்கவில்லை. கதைகளில் கைப்பேசி அடிக்கிறது, காதலி எடுக்கவில்லை, அத்தோடு சரி. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லாமல், சிவப்பு ஐசியோடு கப்பலேறிய குடும்பங்களின் கதையை எழுதத் தெரிந்த சமூகம் இது. ஒரு ஏட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்பது ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் ஓர் உரிமையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று எழுத்தில் கேட்கலாம், நிறுவனம் 21 நாளில் பதில் தர வேண்டும். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். நான் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். கேட்டிருந்தது, எந்த நேரத்தில் எந்த ஐபி எண் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவு, நாங்கள் போன தளங்களின் பதிவு ஏதும் இருந்தால் அது, அவை எத்தனை நாள் வைக்கப்படும், இதுவரை யாருக்குக் கொடுக்கப்பட்டன. வந்தது இரண்டு பக்கம். பெயர், முகவரி, ஐசி எண், கட்டிய பில்களின் பட்டியல். கேட்ட நான்கைப் பற்றியும் ஒரு வரி இல்லை. இல்லவே இல்லையா, இருந்தும் தரவில்லையா என்பதும் அதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன்.

அந்த இரண்டு பக்கத்தில் அம்மாவின் பெயர் தப்பாக இருந்தது. ஓர் எழுத்து கூடுதல், தாத்தா பெயரில் ஓர் எழுத்து குறைவு. பிறப்புப் பத்திரம் எழுதிய அன்று யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. பள்ளியில், ஐசியில், வங்கியில், இப்போது இங்கே என்று அறுபது வருடமாக அப்படியே வந்துகொண்டிருக்கிறது. திருத்தச் சொல்லிக் கேட்கலாமா என்றேன்.

"எதுக்கு? ஐசியிலயும் அப்படித்தான இருக்கு. இதுல மட்டும் சரியா இருந்தா அப்புறம் அது நான் இல்லன்னுடுவாங்க."